முகம் தெரியும் கிற்றார்: உப்புக் காற்றில் குரோம் மெருகு

குரோம் கிற்றார் கேட்டு வருபவர்களின் மனதில் பெரும்பாலும் மேடைதான் இருக்கும். கோயில் திருவிழாவின் கடைசி இரவோ, பெருநாள் முடிந்த பின் தேவாலய முற்றத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சியோ, விளக்கு பட்டதும் கிற்றாரின் உடலில் முன்வரிசைச் சனத்தின் முகம் தெரிய வேண்டும். ஆசையில் பிழையில்லை. ஆனால் முந்திய அத்தியாயத்தில் சொன்ன சிவப்பையும் நீலத்தையும்போல இதை எடுத்தோம், அடித்தோம் என்று முடித்துவிட முடியாது. நிறப் பெயின்ற் சிறு குறைகளை மறைக்கும். கண்ணாடி மெருகு அவற்றைக் காட்டிக்கொடுக்கும். அதோடு வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவகத்தில் எங்கே இருந்தாலும் கடல் வீட்டுக்குப் பக்கத்தில்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் பாதி மெருகைப் பற்றியது, மறுபாதி உப்பைப் பற்றியது.

மின்முலாம் ஏன் வேண்டாம்

மோட்டார் சைக்கிள் சைலன்சரில் மினுங்குவது மின்முலாம். அதில் குரோமியப் படை ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. கண்ணைப் பறிக்கும் ஆழம் அதன் கீழுள்ள நிக்கலிலிருந்து வருகிறது, நிக்கலுக்குக் கீழே செம்பு இருக்கிறது. மரம் மின்சாரம் கடத்தாது. அதனால் முதலில் மரத்தை முழுக்க அடைத்து மூடி, மேலே மின்கடத்தும் பூச்சொன்று பூசி, பிறகு ஒவ்வொரு தொட்டியாக இறக்க வேண்டும். அலங்கார முலாமுக்குக் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் ஆறு வலுவளவுக் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. வீட்டில் செய்யும் வேலை இல்லை இது.

தொழிற்சாலையில் செய்தாலும் மரம் சும்மா இருப்பதில்லை. ஜோ சற்றியானிக்காக ஐபனீஸ் நிறுவனம் 1990 அளவில் பாஸ்வுட் மரத்தில் குரோம் முலாமிட்ட கிற்றார்களைச் செய்தது. ஈரப்பதம் ஏறி இறங்க மரம் விரிந்து சுருங்கியது, உலோகத் தோல் அதற்கு ஈடுகொடுக்காமல் வெடித்தது. 1998இல் வந்த ஆண்டு நிறைவுப் பதிப்பில் மரத்தையே விட்டுவிட்டு லூதைட் என்ற செயற்கைப் பொருளில் உடலைச் செய்தார்கள். மாரியில் தண்ணீரில் ஊறியும் கோடையில் காய்ந்து வெடித்தும் போகும் நமது தீவுகளில் மரத்துக்கு முலாமிட நினைப்பவர் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

மரத்தின் மேல் உலோகம் நிலைக்காது என்பதில்லை. கோயில் வாகனங்களுக்கு வெள்ளித் தகடு போர்த்தும் ஆசாரிமார் தகட்டைத் தட்டி உருவாக்கிச் சிறு ஆணிகளால் மரத்தில் பிடித்து வைக்கிறார்கள். அதனால் மரம் அசைய இடம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் ரோனி செமைற்றிஸ் 1970களின் தொடக்கத்தில் செய்த கிற்றார்களும் இதே வழிதான்: மர உடல், முகப்பில் மட்டும் உலோகத் தகடு. பிக்கப்புக்குள் இரைச்சல் புகாமல் தடுக்க அவர் போட்ட தகடு கடைசியில் அவருடைய அடையாளமாகிவிட்டது. அமெரிக்காவின் நேஷனல் நிறுவனம் 1927 முதல் உடல் முழுவதையுமே உலோகத்தில் செய்து நிக்கல் முலாமிட்டது. டயர் ஸ்ரெயிற்ஸ் குழுவின் 1985ஆம் ஆண்டு இசைத்தட்டின் அட்டையில் வானத்தில் மிதப்பது அந்த நிறுவனத்தின் கிற்றார் ஒன்றுதான். தகட்டு வழியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முழு உடலும் கண்ணாடியாக வேண்டுமென்றால் நமக்குப் பொருத்தமானது வெள்ளித்தெளிப்பு.

உயர்தரத்தில் படித்த அதே வெள்ளியாடி

பெயர் குரோம், பொருள் வெள்ளி. கறுப்புப் பளபளப்புப் பெயின்றின் மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலையும் தாழ்த்தும் கரைசலையும் இரட்டை வாய்த் துப்பாக்கியால் ஒன்றாகத் தெளித்தால், இரண்டும் மேற்பரப்பில் சந்தித்து வெள்ளி படியும். உயர்தர இரசாயன ஆய்வுகூடத்தில் தொலன் கரைசலுக்குக் குளுக்கோசு விட்டுச் சோதனைக் குழாய்க்குள் வெள்ளியாடி பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வெள்ளி பூச யுஸ்ரஸ் வொன் லீபிக் 1835இல் காட்டிய வழியும் இதன் அண்ணன் தம்பிதான். படியும் வெள்ளி ஒரு மைக்ரோனின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தனியே விட்டால் விரல் பட்டாலே போய்விடும். அதைக் காப்பது மேலே வரும் கிளியர் கோட்.

வெள்ளி, குரோமைவிடக் கூடுதலாக ஒளியைத் திருப்பும். அதன் சாயல் சற்று மஞ்சள், குரோமின் சாயல் சற்று நீலம். ஆகவே கிளியரில் ஒரு துளி நீல ஊதா மை கலந்தால் பார்ப்பவர் குரோம் என்றே சொல்வார். மை கூடினால் பேனை மை கொட்டிய மாதிரித் தெரியும், கவனம்.

இரசாயனங்களைத் தனித்தனியாக வாங்கிக் கலக்க முயல வேண்டாம். அளவு குறித்த போத்தல்களாக வரும் தொகுதியை வாங்குங்கள். அமோனியா சேர்ந்த வெள்ளிக் கரைசலைக் கலந்த அன்றே பயன்படுத்தி முடிக்க வேண்டும். வைத்திருந்தாலோ காய விட்டாலோ தொட்டவுடன் வெடிக்கும் பொருளொன்று அதில் உருவாகலாம். வெள்ளி நைத்திரேற்றுத் தோலில் பட்டால் கறுத்த கறை நாட்கணக்கில் போகாது, கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கையுறை, கண்ணாடி இல்லாமல் போத்தலைத் திறக்காதீர்கள்.

எப்போது, எங்கே

சோளகம் வீசும் மாதங்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அடிக்கும் அந்தக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்தே கொண்டுவரும், ஈரப் பெயின்றில் இரண்டும் ஒட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தையில் விடியற்பனி. மாசி நடுவிலிருந்து சித்திரை வரையுள்ள நாட்கள்தான் தோது. அதிலும் பனி காய்ந்த பின், காலை 9 மணியிலிருந்து மத்தியானத்துக்குள் அடித்து முடியுங்கள். பின்னேரம் கடற்காற்று எழும்பிவிடும்.

வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் இருப்பவர்களுக்குப் பண்ணைப் பாலம் இருக்கிறது. காரைநகர்ப் பக்கத்திலிருந்து மிதவைப் பாதையிலும் ஊர்காவற்றுறைக்கு வரலாம். யாழ்ப்பாணத்தில் மோட்டார் பெயின்ற் விற்கும் கடையில் சாமான் வாங்கி வருவது பெரிய பாடில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். தின்னரும் ஹார்ட்னரும் தீப்பற்றும் சாமான்கள். அவற்றைப் பயணிகளின் காலடியில் பைக்குள் ஒளித்து வைக்காமல் படகுக்காரரிடம் சொல்லி, அவர் காட்டும் இடத்தில் வையுங்கள். அந்தத் தீவுகள் தேசிய மின்வலையோடு இணையவில்லை, மின்சாரம் தீவிலேயே உற்பத்தியாகிறது. கொம்பிறசர் ஓட முன் வீட்டு இணைப்பு அதைத் தாங்குமா என்று மின் வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அங்கே உள்ளவர்கள் அடித்தளம் வரை வீட்டில் செய்துகொண்டு, தெளிப்பதற்கு மட்டும் உடலைப் பட்டணத்து வாகனப் பெயின்ற் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோவது புத்தி.

கொம்பிறசரின் வாயில் ஈரம் பிடிக்கும் வடி இல்லாமல் எதையும் அடிக்காதீர்கள். நமது காற்றில் தண்ணீர் அதிகம், அமுக்கும்போது அது துளியாகி வெளியே வரும்.

அடித்தளம்

இறக்குமதியாகும் விலை குறைந்த கிற்றார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே தடித்த பொலியெஸ்ரர் பூச்சு அடித்திருப்பார்கள். அதை உரித்து மரம் வரை போக வேண்டும் என்று நினைப்பவர் பலர். உரிக்காதீர்கள். மரத்துக்கு ஈரம் போகாமல் அடைக்க அதைவிட நல்ல பூச்சை நீங்கள் வீட்டில் அடிக்கப்போவதில்லை. கீறலையும் பள்ளத்தையும் மட்டும் சரிசெய்தால் போதும்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். வயர்களைக் கழற்ற முன் கைபேசியில் படம் எடுங்கள். கழுத்து, பிறிட்ஜ், பிக்கப், ஜாக் எல்லாம் கழன்ற பின் கழுத்துப் பொருந்தும் குழிக்குள் பெயின்ற் போகாதபடி ரேப் ஒட்டுங்கள். அங்கே ஒரு கடதாசிக் கனம் கூடினாலும் கழுத்து இறுகும், பிறகு உடல் வெடிக்கும். அந்தக் குழியின் திருகாணித் துளைகளிலேயே ஒரு பலகைத் துண்டைப் பூட்டினால் கைபிடியும் ஆயிற்று, தொங்கவிடக் கொளுவியும் ஆயிற்று. மற்றத் துளைகளை ஈர்க்குத் துண்டால் அடையுங்கள். தண்ணீர் போட்டுத் தேய்க்கும்போது ஒரு துளைக்குள் ஈரம் போனாலும் மரம் ஊதிச் சுற்றிவர மேடு தட்டும்.

அடுத்தது பலர் தவறவிடும் படி. பழைய பூச்சின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பும் வியர்வையும் எண்ணெயும் இருக்கும். சான்ட் பேப்பரை எடுக்க முன்பே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உடலை இரண்டு முறை துடைத்து, காய்ந்த பின் கிறீஸ் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். துடைக்காமல் தேய்த்தால் உப்பு, கீறல்களுக்குள் இறங்கிவிடும். பெயின்றுக்குக் கீழே அகப்பட்ட உப்பு, பூச்சினூடே ஈரத்தை உள்ளே இழுக்கும். சில மாதத்தில் வேர்க்குருபோலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்புவது அதனால்தான். அந்த நேரம் பெயின்ற் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

320 சான்ட் பேப்பரால் பழைய பளபளப்பைக் கொல்லுங்கள். வாகனங்களுக்குப் போடும் பட்டியால் பள்ளங்களை நிரப்பி 400இல் சமப்படுத்துங்கள். கூரான விளிம்புகளைச் சற்று உருட்டி விடுங்கள். கூரான இடத்தில் எந்தப் பூச்சும் மெலிந்து போகும், வெள்ளி முதலில் கறுப்பதும் அங்கேதான். புதிதாகத் திருகாணித் துளை போட வேண்டியிருந்தால் இப்போதே போட்டு வாயைக் குடைந்து விடுங்கள். மெருகு முடிந்த பின் துளையிடுவது மெருகை வெட்டித் திறப்பது.

பிறகு பிறைமர். அது காய்ந்ததும் மேலே கறுப்புப் பெயின்றை மெல்லிய தூசியாகத் தூவி, தட்டையான கட்டையில் சுற்றிய 600ஆல் தேயுங்கள். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம், முதலில் போகும் இடம் மேடு. கறுப்பு ஒரே சீராகப் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். கையால் மட்டும் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். பெயின்றில் தெரியாத அந்தப் பள்ளம் வெள்ளியில் அலையாகத் தெரியும்.

கடைசியாக ஹார்ட்னர் சேர்த்து அடிக்கும் 2கே கறுப்பு, நல்ல பளபளப்பு. 2கே பெயின்றின் ஹார்ட்னரில் ஐசோசயனேற்று இருக்கிறது. மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி முகக்கவசம் இதற்குக் காணாது. வாகன ஸ்பிறே வேலைக்கென்று வரும் வடிகட்டிக் கவசம் போடுங்கள், அறைக்குள் அடைபட்டு அடிக்காதீர்கள், ஏற்கெனவே இழுப்பு உள்ளவர் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கறுப்பு இறுகியதும் ரியூப் லைற்றுக்குக் கீழே உடலைப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் கோடு உடலில் நேராக ஓட வேண்டும். நெளிந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். இந்தக் கறுப்பில் தெரியும் கோடுதான் நாளை குரோமில் தெரியப்போகும் கோடு. பொலிஷ் மெழுகு எதுவும் போடக்கூடாது. மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் நிற்காது, தண்ணீர் நிற்காத இடத்தில் வெள்ளி படியாது.

தண்ணீர்

தீவகத்தில் இந்த வேலை கெட்டுப்போவதற்கு முதல் காரணம் தண்ணீர். வெள்ளி நைத்திரேற்று, குளோரைட்டைக் கண்டவுடன் வெள்ளைத் தயிராகத் திரளும். நமது கிணறுகளில் பல உவர். நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஊரே அள்ளிக் குடிக்கும் கிணற்றிலும் குளோரைட்டு இருக்கும். குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீரில்கூடக் கொஞ்சம் மிஞ்சும். மழைத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் கடலோரக் கூரையில் படிந்த உப்பை முதல் மழை கழுவிக் கொண்டுவரும் என்பதை மறக்க வேண்டாம்.

சோதிப்பது இலகு. சுத்தமான கண்ணாடிக் குவளையில் அந்தத் தண்ணீரை எடுத்துக் கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு துளி விடுங்கள். துளி விழுந்த இடத்திலிருந்து மெல்லிய பால் புகை கீழே இறங்கினால் அந்தத் தண்ணீர் ஆகாது. அமோனியா சேர்ந்த போத்தலை இதற்கு எடுக்காதீர்கள். அமோனியா பால்நிறத்தைக் கரைத்துவிடும், கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீராகத் தெரியும். அயன் நீக்கிய தண்ணீர் கலங்காமல் நிற்கும். பற்றரிக்கு ஊற்றவென்று விற்கும் தண்ணீரையும் இப்படிச் சோதித்த பிறகே நம்புங்கள். எல்லாப் போத்தலும் ஒரே தரமில்லை.

தெளிக்கும் நாளில் வரிசை இதுதான். கறுப்பு உடலைச் சுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீர் முழு உடலிலும் ஒரே விரிப்பாக நிற்க வேண்டும். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது, திரும்பச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது வெள்ளீயக் குளோரைட்டுக் கரைசல். வெள்ளி ஒட்டுவதற்கு இது பிடிமானம். பெயரிலேயே குளோரைட்டு இருப்பதால் இதன் பிறகு கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது, அயன் நீக்கிய தண்ணீரால் தாராளமாகக் கழுவுங்கள். உடல் ஈரமாக இருக்கும்போதே இரட்டைத் துப்பாக்கியை எடுங்கள்.

முதலில் கறுப்பின் மேல் ஊத்தை மண்ணிறம் ஒன்று ஓடும். பலர் பயந்து நிறுத்துவது இங்கேதான். நிறுத்தாமல் கையை ஓடவிடுங்கள். சில நொடியில் மண்ணிறம் வெளிறும், பிறகு சட்டென்று உங்கள் கையும் துப்பாக்கியும் வானமும் அதற்குள் தெரியும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் வெள்ளி சாம்பல் படரும். உடனே கழுவி, ஈரமில்லாத காற்றால் தண்ணீரை ஒரு பக்கமாகத் துரத்துங்கள். துளி காய்ந்த இடம் வட்டக் கறையாக நிற்கும். துணியால் தொடக் கூடாது, விரலால் தொடவே கூடாது.

நன்றாகக் காய்ந்ததும் தொகுதிக்காரர் சொன்ன கிளியரையே அடியுங்கள். முதல் கோட் மெல்லிய தூசியாக, மற்றவை நிறைவாக. துளைகளின் வாய்களையும் விளிம்புகளையும் கிளியர் முழுதாக மூட வேண்டும். பரவைக் கடலோரச் சேற்றிலிருந்து வற்று நேரத்தில் எழும் நாற்றத்தில் ஐதரசன் சல்பைட்டு உண்டு. வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பது எதுவோ, அதுவேதான் கிளியரின் இடுக்கால் நுழைந்து கிற்றாரையும் கறுக்க வைக்கும். இரண்டு வாரமாவது இறுக விட்டபின் பூட்டத் தொடங்குங்கள்.

மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போகும். வெள்ளி, மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு, ஆகவே கடலும் குப்பைத்தொட்டியில்லை. அமோனியா மணம் போகும்வரை மிஞ்சிய கரைசலுக்கு வினாகிரி விட்டு, பிறகு கறியுப்புக் கரைசல் ஊற்றுங்கள். வெள்ளி வெண்மையாக அடியில் படியும். அதை வடித்து எடுத்து, உலர விடாமல் மூடிய போத்தலில் வைத்து, வெள்ளி மீட்பவரிடமோ இரசாயனக் கழிவு எடுப்பவரிடமோ கொடுங்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்பவருக்கு

ஸ்பிறிட்டில் கலந்த அலுமினியத் துகள் குரோம் பெயின்றுகள் கடையில் உண்டு. மொலொட்டோ போன்ற பேனைகளும் வருகின்றன. பூசியவுடன் அசல் கண்ணாடிபோல இருக்கும். ஆனால் கை படும் இடத்தில் மங்கும், மேலே கிளியர் அடித்தால் பெரும்பாலும் சாம்பலாகும். குமிழ்களுக்கும் எழுத்துக்கும் நல்லது. முழு உடலுக்கு நான் சொல்ல மாட்டேன். குரோம் ஸ்ரிக்கர் தட்டையான இடத்தில் ஒட்டும், கிற்றாரின் கொம்புகளில் சுருங்கும். வெப்பக் காற்றால் இழுத்தால் மினுக்கம் வெளிறும்.

கடற்கரையோடு வீடு, வாரம் ஒரு மேடை என்று இருப்பவர்களுக்கு என் தெரிவு தகடுதான். 1 மில்லிமீற்றர் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் தகட்டைக் கிற்றாரின் முகப்பு வடிவில் வெட்டுவித்து, விளிம்பை மழுக்கி, கண்ணாடி மெருகு ஏற்றி, சிறு திருகாணிகளால் பூட்டுங்கள். 316 என்ற இனம் கிடைத்தால் அதையே எடுங்கள். 304 உப்புக் காற்றில் நாளாக நாளாகத் தேயிலைக் கறைபோல மண்ணிறம் பிடிக்கும். தகட்டின் துளைகளைத் திருகாணியை விடச் சற்றுப் பெரிதாக விடுங்கள், மரம் அசையட்டும். பின்பக்கம் கறுப்பாகவே இருக்கட்டும், மேடையில் அதை யாரும் பார்ப்பதில்லை.

எந்த வழியானாலும் வாசித்து முடிந்ததும் சற்று ஈரமான மென்துணியால் வியர்வையையும் உப்பையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கிளியரின் மேல் பிறாசோ போடாதீர்கள், அது உலோகத்துக்கு உரியது, கிளியரைக் கீறிவிடும்.

வயர் பூட்டும்போது

வெள்ளிப் படையும் தகடும் மின்சாரம் கடத்தும். ஜாக்கின் நுனி வயரோ பிக்கப்பின் சூட்டு வயரோ அதில் தொட்டால் கிற்றார் ஊமையாகும். அந்த இடங்களுக்கு உறை போடுங்கள். தகட்டை ஒரு வயரால் கிற்றாரின் எர்த்தோடு இணையுங்கள். இணைக்காத தகடு கை பட்டவுடன் இரையும்.

இணைத்தபின் ஒன்றை மனதில் வையுங்கள். கிற்றாரின் எர்த் என்பது அம்பின், அதாவது அம்பிளிபயரின், எர்த். திருவிழா மேடைகளில் ஜெனரேற்றரும் நீளமான இழுவை வயரும் பழைய அம்பும் சேரும்போது எர்த் எங்கேயோ அறுந்திருக்கும். அம்பில் கசிவு இருந்தால் முழுத் தகடும் உங்கள் மார்போடு ஒட்டியிருக்கும், வாய் மைக்கைத் தொடும். மேடை ஏற முன் அம்பும் மைக்கும் ஒரே எர்த்தில் இருக்கின்றனவா, ட்ரிப் சுவிச் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று மின்காரரிடம் கேட்டுப் பாருங்கள். விழாவிட்டால் அன்று குரோம் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வயரில்லாமல் வாசிக்கும் மரக் கிற்றாரை எடுங்கள்.